ஏஜென்ட் படிக்கும் அந்த நாலு வரி

“வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி மதுரைக்கு ரெண்டு டிக்கெட் இருக்கான்னு பாரு. ஸ்லீப்பர் போதும்.”

சென்னையில் இருக்கும் ஒருவர் தன் கைபேசியிலுள்ள ஏஐ ஏஜென்ட்டிடம் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவு கவுன்ட்டர் ஊழியருக்கு இந்த வாக்கியம் போதும். மதுரை வண்டிகள் பெரும்பாலும் எழும்பூரிலிருந்துதான் கிளம்பும் என்பது அவருக்குத் தெரியும். இன்று வியாழக்கிழமை என்றால், “நாளைக்கா, அடுத்த வாரமா?” என்று ஒரு கேள்வி கேட்பார். அதோடு வேலை முடிந்தது.

ஏஜென்ட்டின் நிலை வேறு. ரயில்வே கணினிக்குள் அது எட்டிப் பார்க்க முடியாது. டிக்கெட் தேடும் நிரலை யார், எந்த நினைப்பில் எழுதினார் என்பதும் அதற்குத் தெரியாது. அதன் கண்ணில் படுவது கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று சொல்லும் சில வரிகள், நிரப்ப வேண்டிய கட்டங்கள், அவ்வளவுதான். ‘புறப்படும் இடம்’ என்ற கட்டத்தில் ‘சென்னை’ என்று எழுதலாமா, நிலையக் குறியீடு வேண்டுமா? குறியீடு என்றால் சென்ட்ரலின் எம்ஏஎஸ்ஸா, எழும்பூரின் எம்எஸ்ஸா? இதற்கான பதில் அந்தச் சில வரிகளில் இருந்தால் ஏஜென்ட் சரியாகச் செய்யும். இல்லையென்றால் ஊகிக்கும். ஊகம் தவறி, சென்ட்ரலிலிருந்து மட்டும் தேடிவிட்டு, “டிக்கெட் இல்லை” என்று உறுதியான குரலில் சொல்லிவிடும். கேட்டவர் பேருந்துக்கு அலைவார். தவறு எங்கே நடந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

மென்பொருள் உலகில் இன்று மிகுந்த பொறுப்பைச் சுமக்கும் எழுத்து இந்த நாலு வரிதான். மிகக் குறைந்த கவனத்தோடு எழுதப்படுவதும் இதுதான்.

வாசலுக்கு வந்த புது ஆள்

ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் வேலை வாங்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். வங்கி, ரயில்வே, கூரியர், வானிலை என எல்லாவற்றுக்கும் இப்படி வாசல்கள் உண்டு. பல பத்தாண்டுகளாக அந்த வாசலுக்கு வந்து நின்றவர் டெவலப்பர். விளக்கக் குறிப்பு அரைகுறையாக இருந்தால் அவர் சமாளித்துக்கொள்வார். இரண்டு முறை முயன்று பார்ப்பார், பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார், மூல நிரலைத் திறந்து படிப்பார். மோசமான குறிப்பால் அவருடைய அரைநாள் வீணாகும். அந்த நஷ்டம் அலுவலகத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

பிறகு அந்த வாசலுக்கு ஒரு புது ஆள் வந்தது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. நான்கே மாதத்தில், 2023 மார்ச்சில், ஓப்பன்ஏஐ நிறுவனம் அதற்கு ‘பிளகின்’ வசதியை அறிவித்தது. வெளி நிறுவனங்கள் தங்கள் சேவையைச் சாட்ஜிபிடியோடு இணைக்க ஒரு சிறு கோப்பை எழுதித் தர வேண்டும். அந்தக் கோப்பில் ஒரே சேவைக்கு இரண்டு விவரிப்புகள் கேட்கப்பட்டன. ஒன்று மனிதருக்கு, இன்னொன்று மாடலுக்கு, அதாவது சாட்ஜிபிடியை இயக்கும் ஏஐக்கு. மனிதருக்கானது ஒரு சிறு வரி. மாடலுக்கானதற்கு 8,000 எழுத்துகள் வரை இடம். மாடல் என்பதும் ஒரு வாசகர், அதற்கென்று தனியாக எழுத வேண்டும் என்று தொழில்துறை ஒப்புக்கொண்ட இடம் அது என்று சொல்லலாம். பிளகின் பின்னர் கைவிடப்பட்டது. அந்த ஏற்பாடு மட்டும் தங்கிவிட்டது.

அதே ஆண்டு ஜூன் 13 அன்று, டெவலப்பர்கள் தங்கள் கருவிகளை மாடலிடம் நேரடியாகக் கொடுக்கும் ‘ஃபங்ஷன் காலிங்’ வந்தது. 2024 நவம்பர் 25 அன்று ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. ஒருமுறை கருவியை அந்த முறைப்படி எழுதி வைத்தால் எந்த ஏஜென்ட்டும் அதை எடுத்துக் கையாளலாம். போட்டி நிறுவனமான ஓப்பன்ஏஐ 2025 மார்ச்சில் அதை ஏற்றது. அடுத்த மாதம் கூகுளும் இசைந்தது. அதன்பின் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கருவிகள் எழுதப்பட்டுவிட்டன. கூடவே ஆயிரக்கணக்கான நாலு வரிகளும்.

உள்ளே நடப்பது இதுதான். மாடலின் முன்னால் கருவிகளின் பெயர், விவரிப்பு, கட்டங்கள் எல்லாம் உரையாகவே வைக்கப்படுகின்றன. பயனர் கேட்டதையும் அந்த உரையையும் சேர்த்துப் படித்து, “இந்தக் கருவியை, இந்த மதிப்புகளோடு இயக்கு” என்று மாடல் எழுதித் தருகிறது. இயக்குவது வேறொரு நிரல். விளைவு மறுபடி உரையாக மாடலிடம் வருகிறது. அதைப் படித்து அடுத்த அடியை எடுத்து வைக்கிறது. ஆகவே விவரிப்பை மாற்றினால் ஏஜென்ட்டின் நடத்தை மாறும். நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம்.

ஐந்நூறு ரூபாயும் ஐந்து ரூபாயும்

இதன் கனம் பணம் புழங்கும் இடத்தில்தான் நன்றாகத் தெரியும். இந்தியாவில் பரவலாகப் புழங்கும் ரேசர்பே போன்ற கட்டணச் சேவைகளின் ஏபிஐயில் தொகையை ரூபாயில் கொடுக்கக் கூடாது, பைசாவில் கொடுக்க வேண்டும். 500 ரூபாய் என்றால் 50000. உலக அளவில் ஸ்ட்ரைப் நிறுவனமும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. தசமப் புள்ளியால் வரும் கணக்குப் பிசகைத் தவிர்க்க இது நல்ல ஏற்பாடு. டெவலப்பர்களுக்கு இது பழகிய விஷயம்.

இப்போது ஒரு கடையின் வாடிக்கையாளர் சேவை ஏஜென்ட்டிடம் ‘ரீஃபண்ட்’ என்ற கருவி இருக்கிறது என்று வையுங்கள். விவரிப்பு ஒரே வரி: “வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தரும்.” கட்டங்கள் இரண்டு: கட்டண எண், தொகை. வாடிக்கையாளர் 500 ரூபாய் கேட்கிறார். ஏஜென்ட் 500 என்று நிரப்புகிறது. போய்ச் சேருவது ஐந்து ரூபாய். “உங்கள் 500 ரூபாய் அனுப்பப்பட்டது” என்று பதிலும் போகிறது.

ஓப்பன்ஏஐ 2024 ஆகஸ்டில் ‘ஸ்ட்ரக்சர்டு அவுட்புட்ஸ்’ என்றொரு வசதியைக் கொண்டுவந்தது. டெவலப்பர் வகுத்த படிவத்தை மாடல் மீறாது என்பதற்கு அது உத்தரவாதம் தரும். எண் கேட்ட இடத்தில் எழுத்து வராது, கட்டாயக் கட்டம் விடுபடாது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 500 என்பதும் எண்தான், 50000 என்பதும் எண்தான். படிவத்தின் கண்ணுக்கு இரண்டும் சரி. வடிவப் பிழைகளைத் தொழில்நுட்பம் பெருமளவு தீர்த்துவிட்டது. பொருள் பிழையைத் தீர்க்க எழுத்தைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த ரீஃபண்ட் கருவியின் விவரிப்பை இப்படி எழுதியிருந்தால்?

“ஏற்கெனவே செலுத்தி முடிந்த ஒரு கட்டணத்தை, முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ, பணம் வந்த அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பும். அனுப்பியதை நிறுத்தவோ மீட்கவோ முடியாது. தொகை பைசாவில், முழு எண்ணாக இருக்க வேண்டும். 500 ரூபாய்க்கு 50000. தொகையைக் கொடுக்காமல் விட்டால் முழுக் கட்டணமும் திரும்பிவிடும். வாடிக்கையாளர் ஒரு பகுதியை மட்டும் கேட்டிருந்தால் தொகையைக் கட்டாயம் கொடு. இன்னும் கடையை விட்டுக் கிளம்பாத ஆர்டரை நிறுத்த இதைப் பயன்படுத்தாதே, அதற்கு ‘ஆர்டர் ரத்து’ கருவி இருக்கிறது. இது கோரிக்கை ஏற்கப்பட்டதா என்பதை மட்டுமே சொல்லும். பணம் வாடிக்கையாளர் கணக்கில் ஏறிவிட்டதா என்பதைச் சொல்லாது. பதில் வராமல் நேரம் கடந்துவிட்டால் மறுபடி அனுப்பாதே. ‘ரீஃபண்ட் நிலை’ கருவியில் முதலில் பார்.”

இதில் ஒரு சொல்லும் அலங்காரம் இல்லை. ‘தொகையைக் கொடுக்காமல் விட்டால்’ என்ற வரி கற்பனையும் இல்லை. ஸ்ட்ரைப்பின் ஏபிஐ அப்படித்தான் நடக்கிறது. கட்டம் விருப்பத்துக்குரியது என்று மட்டும் எழுதிவிட்டு, விட்டால் என்ன ஆகும் என்று எழுதாமல் போவது நான் பார்த்த விவரிப்புகளில் சாதாரணமாகக் காணும் குறை. மனித டெவலப்பருக்கு ‘விருப்பத்துக்குரியது’ என்பது தகவல். ஏஜென்ட்டுக்கோ அது விட்டுவிடலாம் என்ற அனுமதி.

‘மறுபடி அனுப்பாதே’ என்ற வரியின் அருமை இணையம் தடுமாறும்போதுதான் தெரியும். ஏஜென்ட் கோரிக்கை அனுப்புகிறது, பதில் வரவில்லை. திரும்ப முயல்வது அதன் இயல்பு. முதல் கோரிக்கை உள்ளே போயிருந்தால் பணம் இரண்டு முறை திரும்பும். இதைத் தடுக்க நிரலிலேயே பாதுகாப்பு வைப்பதுதான் முறை, வைக்கவும் வேண்டும். ஆனால் வைத்த பின்னும் அந்த வரி விவரிப்பில் இருக்கட்டும் என்பேன்.

இன்னொன்று. கட்டத்தின் பெயரே ‘தொகை’ என்பதற்குப் பதில் ‘தொகை பைசாவில்’ என்று இருந்தால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும். பெயர் தவறாமல் படிக்கப்படும் இடம். ‘யூசர்’ என்ற கட்டத்தில் பெயரா, மின்னஞ்சலா, உறுப்பினர் எண்ணா? ‘யூசர் ஐடி’ என்றால் சந்தேகம் இல்லை.

தேதி, ஊர், பெயர்

ரயிலுக்குத் திரும்புவோம். இரவில் எழும்பூரிலிருந்து கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் திருச்சிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். திருச்சியில் ஏறுகிறவருக்குப் பயணத் தேதி சனிக்கிழமை. வண்டி புறப்பட்ட தேதியோ வெள்ளிக்கிழமை. டிக்கெட் தேடும் கருவி ஏறும் நிலையத்தின் தேதியைக் கேட்கலாம்; வண்டி எங்கே வருகிறது என்று சொல்லும் கருவி, வண்டி புறப்பட்ட தேதியைக் கேட்கலாம். இரண்டிலும் கட்டத்தின் பெயர் ‘தேதி’ என்றே இருந்தால், ஏஜென்ட் முதல் கருவியில் போட்டதை அப்படியே இரண்டாவதிலும் போடும். பயணி நடைமேடையில் நிற்கும்போது, அன்று இரவுதான் கிளம்பப்போகும் வண்டியின் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தேதியை எழுதும் முறையிலும் வம்பு இருக்கிறது. 05/06 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. மாடல்கள் படித்த எழுத்தில் இரண்டு பழக்கமும் கலந்து கிடக்கிறது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2026-06-05 என எழுது என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லிவிட்டால் தீர்ந்தது. ‘இன்று’, ‘நாளை’ என்பவற்றுக்கு எந்த ஊர்க் கடிகாரம் என்றும் சொல்ல வேண்டும். உலகப் பொது நேரத்தைவிட இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை, பொது நேரத்தில் இயங்கும் சர்வருக்கு இன்னும் நேற்றுதான். தட்கல் டிக்கெட்டுக்காக விடியற்காலையில் ஏஜென்ட்டைத் தயார்செய்கிறவருக்கு இந்த ஐந்தரை மணி நேரம் பெரிய விஷயம்.

விதிகளும் மாறும். ரயில் முன்பதிவு 120 நாள் முன்னதாகத் தொடங்கியது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. நிரலை அன்றே திருத்தியிருப்பார்கள். விவரிப்பில் ‘120 நாள் வரை தேடலாம்’ என்ற வரி மறந்துபோய்க் கிடந்தால், தொண்ணூறு நாள் கழித்து வரும் கல்யாணத்துக்கு ‘இப்போதே எடுத்துவிடலாம்’ என்று ஏஜென்ட் வாக்குக் கொடுக்கும். நிரல் மாறும் அன்றே விவரிப்பும் மாற வேண்டும். அதற்கும் பரிசீலனை, ஒப்புதல் எல்லாம் வேண்டும். என் பார்வையில் விவரிப்பும் நிரலின் பகுதிதான்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிப் பாடு உண்டு. பெரும்பாலான ஏபிஐகளில் ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள். ச. முருகன் என்பவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ‘ச’ என்பது தகப்பனார் பெயரின் முன்னெழுத்து. மனிதர் படிவம் நிரப்பும்போது பட்ட அனுபவத்தால் எதையோ போட்டு ஒப்பேற்றுவார். ஏஜென்ட்டிடம் கட்டாயக் கட்டத்தைக் கொடுத்தால் அது காலியாக விடாது. முருகனையே இரண்டு கட்டத்திலும் எழுதலாம், ‘ச’வைக் குடும்பப் பெயராக்கலாம், இன்னும் மோசமாக ‘ச’வைத் தானே விரித்து ஒரு தகப்பனாரைக் கற்பித்துவிடலாம். விமான டிக்கெட்டில் இப்படி நடந்தால் கடவுச்சீட்டோடு பெயர் பொருந்தாது. “பெயரை அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுது. முன்னெழுத்தை நீயாக விரிக்காதே. குடும்பப் பெயர் இல்லாதவரிடம் கேட்காமல் எதையும் நிரப்பாதே” என்ற மூன்று வாக்கியம் போதும். கலிஃபோர்னியாவில் அமர்ந்து எழுதுகிறவருக்கு இது தோன்றாமல் போகலாம். சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதும் நம்மவர்களுக்குத் தோன்ற வேண்டும்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். திருச்சி, திருச்சிராப்பள்ளி, ட்ரிச்சி மூன்றும் ஒன்று. பயனர் தமிழில் பேசுகிறார், கருவி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தேடல் கட்டத்தில் அவர் சொன்ன தமிழ்ச் சொல்லையே போடுவதா, மொழிபெயர்த்துப் போடுவதா? விவரிப்பு வாய் திறக்காவிட்டால் ஏஜென்ட் ஒருநாள் இப்படியும் மறுநாள் அப்படியும் செய்யும்.

கருவி பேசும் பதில்

விவரிப்பு என்றதும் முன்னால் எழுதும் வரிகளை மட்டும் நினைக்கிறோம். கருவி திருப்பித் தரும் பதிலும் ஏஜென்ட் படிக்கும் எழுத்துதான். 2024-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் என்றொரு ஆய்வை வெளியிட்டார்கள். மென்பொருள் பிழைகளைத் தானாகத் திருத்தும் ஏஜென்ட் அது. மாடலை மாற்றாமல், மாடல் கையாளும் கருவிகளை மட்டும் அதற்கேற்ப மாற்றியமைத்தால் என்ன ஆகும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கோப்பை முழுதாகக் கொட்டாமல் நூறு வரி வீதம் காட்டினார்கள். தேடலில் ஐம்பதுக்கு மேல் விடை வந்தால் பட்டியலைத் தராமல், “தேடலைக் குறுக்கு” என்று சொல்லவைத்தார்கள். நிரல் இலக்கணப் பிழையுள்ள திருத்தத்தை ஏற்காமல், பிழை எங்கே என்று காட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

அதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சின்ன ஏற்பாடு. சில கட்டளைகள் ஓடி முடிந்தாலும் எந்த எழுத்தையும் திரையில் போடாது. மனிதருக்கு மௌனம் என்றால் சம்மதம் என்று தெரியும். மாடல் குழம்பும். ஆகவே கட்டளை சரியாக முடிந்தது, வெளியீடு எதுவும் இல்லை என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள். அந்த ஏஜென்ட், பிழை திருத்தும் திறனை அளக்கும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் தேர்வில் அப்போது சுமார் 12.5 சதவீதச் சிக்கல்களைத் தீர்த்தது. இன்றைய மாடல்களின் முன் அது சிறிய எண். அன்று அது பெரிய பாய்ச்சல்.

ஆந்த்ரோபிக் பொறியாளர்களும் அதே ஆண்டு டிசம்பரில் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். அதே தேர்வுக்கான ஏஜென்ட்டைக் கட்டும்போது, மாடலுக்கான பொது அறிவுறுத்தலைவிடக் கருவிகளைச் செப்பனிடுவதற்கே அதிக நேரம் செலவானது என்றார்கள். கோப்பின் இடத்தைச் சார்பு முறையில் கொடுக்க அனுமதித்தபோது, ஏஜென்ட் வேறு கோப்புறைக்குப் போனதும் வழி தவறியது. எப்போதும் முழு முகவரி வேண்டும் என்று கருவியை மாற்றியதும் அந்தத் தவறு நின்றது. 2025 செப்டம்பரில் இன்னொரு நிகழ்வைச் சொன்னார்கள். இணையத் தேடல் கருவியை வெளியிட்டபோது, மாடல் தேவையில்லாமல் தேடல் சொற்களோடு 2025 என்ற ஆண்டை ஒட்டிவந்தது, விடைகள் கோணலாயின. கருவியின் விவரிப்பைத் திருத்திச் சரிசெய்தார்கள்.

பிழைச் செய்தியும் இதே வகைதான். “பிழை 400” என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதே கதவை மறுபடி மறுபடி முட்டும். “நிலையக் குறியீடு தவறு. சென்னை என்பது நகரம். எழும்பூருக்கு எம்எஸ், சென்ட்ரலுக்கு எம்ஏஎஸ், தாம்பரத்துக்கு டிபிஎம்” என்று வந்தால் அடுத்த முயற்சியிலேயே சரியாகிவிடும். இதை எழுத ஒரு டெவலப்பருக்கு ஐந்து நிமிடம் ஆகுமா? எழுதப்படாமலே கிடக்கிறது.

நீட்டி முழக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு கருவியின் விவரிப்பும் மாடலின் முன்னால் இடம் பிடிக்கிறது. அந்த இடத்துக்குக் காசு ஆகிறது. ஒரே மாதிரி நாற்பது கருவிகளைக் குவித்தால் எதை எடுப்பது என்று மாடல் திணறும். ஒரு நேரத்தில் இருபதுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி ஓப்பன்ஏஐயின் வழிகாட்டி ஒரு பரிந்துரை தருகிறது. ‘முக்கியம்’, ‘கட்டாயம்’, ‘எச்சரிக்கை’ என்று வரிக்கு வரி கத்துவதாலும் பயனில்லை. எல்லாமே முக்கியம் என்றால், எது உண்மையில் முக்கியம் என்று தெரியாமல் போகும். தேவையில்லாத இடத்திலும் ஏஜென்ட் அந்தக் கருவியையே எடுக்கும். ‘அதிநவீனத் தேடல் அனுபவம்’ போன்ற விளம்பர வாசகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றை நீக்கிவிட்டு, கருவியால் எது முடியாது என்று ஒரு வரி எழுதினால் புண்ணியம்.

நஞ்சும் கலக்கலாம்

எழுத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்றால் அதைத் தீய வழியில் திருப்புகிறவர்களும் இருப்பார்கள். 2025 ஏப்ரலில் இன்வேரியண்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு செயல்விளக்கம் காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் ஓர் எளிய எம்சிபி கருவி. அதன் விவரிப்புக்குள், பயனர் கண்ணில் படாத இடத்தில், வேறு கட்டளைகள்: பயனரின் கணினியிலுள்ள ரகசியச் சாவிக் கோப்பைப் படி, அதைக் கூடுதல் கட்டம் ஒன்றில் நிரப்பி அனுப்பு, பயனரிடம் கூட்டல் கணக்கை மட்டும் விளக்கு. ஏஜென்ட் அப்படியே செய்தது. கருவியின் நிரல் எதையும் திருடப் போகவில்லை. சாவியை எடுத்து வந்து கையில் கொடுக்க வைத்தது விவரிப்பு.

எம்சிபியில் கருவி படிக்க மட்டும் செய்யுமா, எதையாவது அழிக்குமா என்று குறிப்பிடும் அடையாளங்கள் உண்டு. அவை கருவியை எழுதியவர் தாமே சொல்லிக்கொள்பவை. நம்பிக்கையான இடத்திலிருந்து வந்தாலொழிய அவற்றை நம்பக் கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது. ஆகவே ஓர் ஏஜென்ட்டில் வெளிக் கருவியை இணைக்கும் எவரும் விவரிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கண்ணால் படித்தாக வேண்டும். பணத்தையும் அழிப்பையும் தொடும் கருவிகளுக்கு, மனிதரின் ஒப்புதல் இல்லாமல் நகராத பூட்டை நிரலிலேயே வைக்க வேண்டும். நல்ல விவரிப்பு நேர்மையான ஏஜென்ட்டுக்கு வழிகாட்டும். அது பூட்டாகாது.

யார் எழுதுவது?

இங்கேதான் எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இந்த விவரிப்பை நிரல் எழுதியவரே, வேலை முடியும் நேரத்தில், ஒரு வரியில் எழுதிவிடுகிறார். இப்போது அதையும் ஏஐயிடமே கேட்டு வாங்கிவிடுகிறார்கள். நிரலைப் படித்து ஏஐ எழுதும் விவரிப்பு, நிரல் என்ன செய்கிறது என்பதைத் திருத்தமாகவே சொல்லும். எப்போது அதைச் செய்யக் கூடாது என்பது பெரும்பாலும் நிரலில் இருக்காது. அது ரீஃபண்ட் பிரிவில் பத்து வருடமாக வேலை பார்க்கும் அம்மாவின் தலையில் இருக்கிறது. முன்பதிவு கவுன்ட்டரில் அமர்ந்தவரின் பழக்கத்தில் இருக்கிறது.

மருந்துக் கடைக்காரர் மாத்திரை உறையின் மேல் ‘1-0-1, சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதித் தருவார். மாத்திரையின் வேதியியல் அதில் இல்லை. வாங்கிப் போகிறவர் வீட்டில் போய்த் தவறு செய்யாதிருக்க என்ன தேவையோ அது இருக்கிறது. கவுன்ட்டரில் நின்று நோயாளியின் முகத்தைப் பார்த்தவரால்தான் அதை எழுத முடிகிறது. நம் நிறுவனங்களில் அப்படிப்பட்டவர்களை விவரிப்பு எழுதும் மேசைக்கு யாரும் அழைப்பதில்லை.

பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று வரிசையாகக் கொடுத்துவிட்டு, ‘குறைகள்’ என்று ஒரு தலைப்பையும் அதில் வைத்தார்கள். தாங்கள் செய்த கருவி எங்கே சறுக்கும் என்று செய்தவர்களே எழுதி வைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, கேள்வி கேட்காமல் செயலில் இறங்கும் ஒரு வாசகர் வந்திருக்கும்போது, அந்தத் தலைப்புதான் நம் விவரிப்புகளில் காணாமல் போயிருக்கிறது.

எழுதியதைச் சோதிக்கவும் வேண்டும். வாடிக்கையாளர்கள் உண்மையில் பேசும் வாக்கியங்களை, அரைகுறைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து அவர்கள் பேசுகிறபடியே, ஐம்பதோ நூறோ திரட்டி ஏஜென்ட்டிடம் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கருவியை எடுத்தது, என்ன நிரப்பியது என்று பதிவேட்டை வரி வரியாகப் படியுங்கள். தவறிய ஒவ்வொரு இடத்திலும், மாடலைக் குறை சொல்லும் முன் விவரிப்பில் அதற்கான பதில் இருந்ததா என்று பாருங்கள். திருத்திவிட்டு, அதே நூறையும் மறுபடி ஓட்டுங்கள். ஓரிடத்தைச் சரிசெய்தது இன்னோர் இடத்தைக் கெடுத்திருக்கலாம்.

டெவலப்பர்களாக இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் நிறுவனத்தின் கருவி விவரிப்புகளை ஒரு தாளில் அச்செடுங்கள். நிரல் தெரியாத, ஆனால் அந்த வேலையைத் தினமும் செய்கிற ஒருவரிடம் அதைக் கொடுங்கள். “இதை மட்டும் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா?” என்று கேளுங்கள். அவர் எந்த வரியில் நின்று, “இது எப்போ?”, “இது எதுல?” என்று கேட்கிறாரோ அந்த வரியை அவரோடு உட்கார்ந்து மாற்றி எழுதுங்கள். மாற்றி எழுதியதன் கீழே அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.